குழுவில் பெயர் இருக்கிறது, அனுமதி மட்டும் இல்லை

ஒருவர் மட்டும் லினக்ஸ் பயன்படுத்தும் வீட்டில் பயனர் குழுக்களைப் பற்றி, அதாவது எந்தக் கோப்பை, எந்தக் கருவியை யார் தொடலாம் என்று தீர்மானிக்கும் பட்டியல்களைப் பற்றி, அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது. நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்குத் தேவையான குழுக்களில் பல தாமாகவே கிடைத்துவிடும். ஒரே கணினியில் பலர் மாறி மாறி உட்காரும் இடத்தில் நிலைமை வேறு. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் மின்டும் டெபியனும் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணக்கு. சிலர் ஆர்டுயினோ போர்டை வைத்துச் சின்னச் சின்னக் கருவிகள் செய்கிறார்கள். சிலர் படிப்பகத்தின் கையேடுகளுக்குப் பக்கம் வடிவமைக்கிறார்கள். இந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "அண்ணா, பெர்மிஷன் டினைடுன்னு வருது" என்ற குரல் கேட்காத வாரம் குறைவு.

அந்தக் குரலுக்கு இணையத்தில் கிடைக்கும் முதல் பதில், இந்தக் குழுவில் சேர்த்துவிடு என்பது. அது பலிக்காவிட்டால் அடுத்து வருவது, 777 போட்டுவிடு. முதல் பதில் பல நேரம் சரிதான். ஆனால் ஏன் சரி என்று தெரியாமல் செய்தால் பாதி வழியில் நின்றுவிடும். 777 எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது என்பது ஒரு பக்கம். அப்படித் திறந்ததாலேயே வேலை செய்ய மறுக்கும் நிரல்களும் உண்டு. ரகசியச் சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடியும் என்று கண்டால் தொலைவிலிருந்து வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் அந்தச் சாவியைத் தொடாது. யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதற்கும் யாராவது 777 போட்டுவிட்டால், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சுடோ நிரலின் மேல் இருக்க வேண்டிய சிறப்பு அனுமதி அழிந்துபோய் சுடோவே இயங்காது. அதற்குப் பிறகு மறுநிறுவல்தான் பெரும்பாலும் எளிய வழி.

நான் பழக்கமாக வைத்திருப்பது வேறு. எந்தக் கட்டளையும் போடுவதற்கு முன் இரண்டு விவரங்களைப் பார்ப்பேன். தடுக்கப்படும் கோப்பு அல்லது கருவி யாருக்குச் சொந்தம், எந்தக் குழுவுக்கு என்ன உரிமை தருகிறது? அதைத் திறக்க முயலும் நிரல் இந்த நிமிடம் எந்தெந்தக் குழுக்களைச் சுமந்துகொண்டிருக்கிறது? ‘இந்த நிமிடம்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆர்டுயினோ போர்டையே எடுத்துக்கொள்வோம். யுஎஸ்பியில் செருகியதும் டெவ் கோப்புறையில் டிடிஒய்யுஎஸ்பி0 அல்லது டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரில் ஒரு கருவிக் கோப்பு தோன்றும். அதன் மேல் ‘எல்எஸ் -எல்’ கட்டளையைப் போட்டால், உரிமையாளர் ரூட் (கணினியின் நிர்வாகிக் கணக்கு), குழு டயலவுட், இருவருக்கும் படிக்கவும் எழுதவும் அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று காட்டும். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றிலும் இந்தக் குழு டயலவுட்தான். ஆர்ச் லினக்ஸில் அதே வேலையை யுயுசிபி என்ற குழு செய்கிறது. ஆர்ச் பயன்படுத்துபவர் உபுண்டுவுக்கான குறிப்பைப் பார்த்து டயலவுட் குழுவைப் புதிதாக உருவாக்கிச் சேர்ந்துகொண்டால், குழு இருக்கும், சேர்ந்ததாகவும் காட்டும், போர்டு மட்டும் திறக்காது. ஆகவே குழுவின் பெயரை அந்தக் கருவிக் கோப்பிடமே கேட்பது நல்லது. அது பொய் சொல்லாது.

சரி, மாணவியை டயலவுட் குழுவில் சேர்த்தாயிற்று. அவள் மறுபடியும் அப்லோடு செய்து பார்க்கிறாள். அதே பிழை. ஈடிசி கோப்புறையில் உள்ள குரூப் கோப்பைத் திறந்து பார்த்தால் டயலவுட் வரிசையில் அவள் பெயர் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து 777 பக்கம் போகிறார்கள்.

நடப்பது இதுதான். ஒருவர் லாகின் செய்யும்போது, லாகினை நடத்தும் நிரல் குரூப் கோப்பைப் படித்து, அவருடைய குழுக்களின் எண்களைப் பட்டியலாக்கி, அவருக்காகத் தொடங்கும் முதல் நிரலிடம் கொடுத்துவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் டெஸ்க்டாப், டெர்மினல், ஆர்டுயினோ நிரல் எல்லாம் அந்தப் பட்டியலைத் தாயிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. லினக்ஸின் மையமான கெர்னல் அனுமதி பார்ப்பது நிரலின் கையில் உள்ள அந்தப் பட்டியலை வைத்துத்தான், குரூப் கோப்பை வைத்து அல்ல. ரேஷன் கடைப் பதிவேட்டில் புதுப் பெயரைச் சேர்த்தாலும் வீட்டில் இருக்கும் பழைய அட்டையில் அந்தப் பெயர் தானாக ஏறிவிடாது, அது போல.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. டெர்மினலில் ‘ஐடி’ என்று மட்டும் தட்டினால், அந்த டெர்மினல் இப்போது சுமக்கும் குழுக்கள் தெரியும். ‘ஐடி’ போட்டுப் பக்கத்தில் பயனர் பெயரையும் தட்டினால், குரூப் கோப்பில் எழுதியிருப்பது தெரியும். இரண்டு விடைகளும் வேறுபட்டால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரலைப் பற்றித் தெரிய வேண்டுமானால், ப்ராக் கோப்புறையில் அந்த நிரலின் எண்ணுக்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பில் ‘குரூப்ஸ்’ என்ற வரியைப் பார்க்கலாம். அங்கே பெயருக்குப் பதில் எண்கள் இருக்கும். டெபியன் வகைகளில் டயலவுட் 20, சுடோ 27.

லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் போதும் என்பார்கள். பொதுவாகப் போதும். ஆனால் வெளியே போய் உடனே திரும்பி வந்தும் பழைய பட்டியலே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போதைய லினக்ஸ்களில் ஒவ்வொரு பயனருக்கும், பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தனியாக ஒரு மேலாளர் நிரலை ஓட்டுகிறது. க்னோம் டெர்மினல் போன்றவை அந்த மேலாளரின் கீழ்தான் தொடங்குகின்றன. கடைசி அமர்வு முடிந்ததும் அந்த மேலாளர் அதே நொடியில் நிற்பதில்லை. இயல்பமைப்பில் 10 விநாடி காத்திருக்கும். அதற்குள் லாகின் செய்துவிட்டால் பழைய மேலாளரே தொடரும், டெர்மினலும் பழைய குழுக்களோடுதான் திறக்கும். டெர்மினலை மூடினாலும் அமர்வைப் பின்னணியில் ஓடவிடும் டிமக்ஸ் நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. பின்னணியில் விட்டுப்போன டிமக்ஸ் அமர்வோடு மறுபடி இணைந்தால், அது பிறந்த காலத்துக் குழுக்களே அதற்குள் இருக்கும். இத்தனையையும் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லாதபோது "ரீஸ்டார்ட் பண்ணிட்டு வாம்மா" என்று சொல்லிவிடுவேன். அது எப்போதும் பலிக்கும்.

கணினியை மூட முடியாத அளவுக்கு வேலை திறந்து கிடந்தால் ‘நியூஜிஆர்பி டயலவுட்’ என்று ஒரு டெர்மினலில் தட்டலாம். அந்தக் குழுவோடு ஒரு புதிய ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அங்கேயே திறக்கும். அதிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். மெனுவில் சொடுக்கித் திறப்பவற்றுக்குக் கிடைக்காது. இந்தக் கட்டளை மிகப் பழையது. தொடக்க கால யுனிக்ஸில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும், மாறுவதற்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டியோடு 1983இல் வந்தது. நாம் இன்று பயன்படுத்தும் அமைப்பு அதன் வழி வந்ததுதான்.

குழுவில் சேர்க்கும் கட்டளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி என்ற தெரிவோடு சிறிய ஏ தெரிவையும் சேர்த்தே போட வேண்டும். சிறிய ஏ இல்லாவிட்டால், ‘இந்தக் குழுவையும் சேர்’ என்ற பொருள் போய், ‘இந்தக் குழு மட்டும் போதும், மற்றவற்றிலிருந்து நீக்கு’ என்று ஆகிவிடும். நண்பர் ஒருவர் ஒரு பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே தட்டியதில், சுடோ உட்பட எல்லாக் குழுக்களிலிருந்தும் அவர் பெயர் போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் வராது. பிழைச் செய்தியும் வராது. கட்டளை வெற்றிகரமாக முடிந்ததாகவே தோன்றும்.

அவர் அழைத்தபோது நான் முதலில் சொன்னது, "லாக் அவுட் பண்ணிடாதீங்க" என்பதுதான். ஓடிக்கொண்டிருக்கும் அமர்வின் கையில் பழைய பட்டியல் அப்படியே இருக்கிறது. சுடோவும், இயல்பமைப்பில், தன்னைக் கூப்பிடும் நிரல் சுமக்கும் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஆகவே ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலில் சுடோ இன்னும் வேலை செய்யும். முன்பு நமக்குத் தொல்லையாக இருந்த அதே குணம் இங்கே காப்பாற்றுகிறது. அடுத்து எந்தெந்தக் குழுக்கள் போயின என்று தெரிய வேண்டும். ஈடிசி கோப்புறையில் குரூப் என்ற பெயரின் கடைசியில் ஒரு சிறு கோட்டோடு இன்னொரு கோப்பு இருக்கும். குரூப் கோப்பு கடைசியாக மாற்றப்படுவதற்கு முன் இருந்த நகல் அது. அதில் அவர் பெயர் எந்தெந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் திரும்பச் சேர்த்தோம். அடுத்த மாற்றத்தைச் செய்யும்போதே இந்த நகலும் மேலெழுதப்பட்டுவிடும். அதனால் முதல் வேலையாக அதை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே லாக் அவுட் ஆகிவிட்டவர்களுக்கு வழி கொஞ்சம் நீளம். கணினி தொடங்கும்போது க்ரப் என்ற தொடக்க நிரலின் மெனுவை வரவழைத்து, மேம்பட்ட தெரிவுகளில் ரெக்கவரி மோடு, அதில் ரூட் ஷெல். அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கலாம். எழுதும்படி மறுபடி மவுன்ட் செய்த பிறகுதான் யூசர்மாட் வேலை செய்யும். டெபியனில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி மோடு உள்ளே விடாது. க்ரப்பில் கெர்னல் வரியைத் திருத்தி, இனிட் என்பதற்கு பாஷ் நிரலின் பாதையைக் கொடுத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த விபத்தைத் தவிர்க்க, டெபியன் குடும்பத்தில் நான் ‘ஆட்யூசர்’ கட்டளையையே பயன்படுத்துகிறேன். முதலில் பயனர் பெயர், அடுத்து குழுவின் பெயர், அவ்வளவுதான். அது சேர்க்க மட்டுமே செய்யும், எதையும் கழிக்காது. டெபியனில் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். நிறுவும்போது ரூட்டுக்குத் தனியாகக் கடவுச்சொல் கொடுத்தால், முதல் பயனர் சுடோ குழுவில் சேர்க்கப்படுவதில்லை. கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் சேர்க்கப்படுவார். புதிதாக டெபியன் போட்ட பலர் "சுடோ வேலை செய்யல" என்று வருவதற்கு இதுதான் காரணம். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் அந்தக் குழுவின் பெயர் வீல்.

பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவருகிறேன். ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் அனுமதிச் சிக்கல். ‘நோ சச் ஃபைல்’ என்றால் கருவிக் கோப்பே இல்லை. ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி’ என்றால் வேறொரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்னிரண்டுக்கும் குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லை. உபுண்டு 22.04இல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. விலை குறைந்த போர்டுகளில் இருக்கும் சிஎச்340 சிப்பைச் செருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். டயலவுட் குழுவில் எத்தனை முறை சேர்த்தாலும் பயனில்லை. கெர்னல் பதிவைப் பார்த்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரலின் பெயர் அங்கே நிற்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான நிரல் அது. அந்தக் கருவிகளில் சிலவற்றிலும் இதே சிப்பின் அடையாள எண் இருப்பதால், போர்டை பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அந்த நிரலை நீக்கிவிடு என்பதே எங்கும் கிடைக்கும் தீர்வு. தனி ஒருவரின் கணினியில் அது சரி. பொது இடத்துக் கணினியில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு பிரெய்ல் கருவியோடு ஒரு பிள்ளை வந்தால் அந்தக் கணினி அவளுக்கு வேலை செய்ய வேண்டும். அதனால் நிரலை அப்படியே விட்டுவிட்டு, கருவி செருகப்படும்போது என்ன செய்வது என்று யூடெவ் அமைப்புக்குச் சொல்லும் அதன் விதிக் கோப்பை ஈடிசிக்குள் இருக்கும் யூடெவ் விதிகள் கோப்புறைக்கு அதே பெயரில் பிரதி எடுத்து, இந்தச் சிப்பின் எண் வரும் வரியை மட்டும் கணினி பொருட்படுத்தாத குறிப்பு வரியாக மாற்றி முடக்கினேன். ஈடிசியில் உள்ள பிரதிதான் செல்லும். மற்ற பிரெய்ல் கருவிகள் எல்லாம் முன்பு போலவே இயங்கும்.

இப்போது பகிர்வுக் கோப்புறை. படிப்பகத்தில் அதிகம் சிரமம் கொடுத்தது இதுதான்.

கையேடு தயாரிக்கும் குழுவுக்கு எஸ்ஆர்வி கோப்புறையின் கீழ் ஒரு பொதுக் கோப்புறை, அவர்களுக்கென்று ஒரு பயனர் குழு. கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி, குழுவுக்கு எழுதும் அனுமதியும் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முதல் நாளே ஒருத்தி உருவாக்கிய கோப்பை இன்னொருவன் திருத்த முடியவில்லை. காரணம், புதிய கோப்பு உருவாக்கியவரின் சொந்தக் குழுவில் பிறக்கிறது, கோப்புறையின் குழுவில் அல்ல. கோப்புறைக்கு செட்ஜிஐடி என்ற குறியை வைத்தால், அதற்குள் பிறப்பவை எல்லாம் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளும். அனுமதி எண்ணில் முன்னால் ஒரு 2 சேர்ந்து 2770 என்று வரும். புதிதாகப் பிறக்கும் உட்கோப்புறைகளுக்கும் இந்தக் குறி தானாகவே இறங்கும்.

குழு சரியானாலும், அந்தக் கோப்பில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அது, புதிய கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் மதிப்பைப் பொறுத்தது. 022 என்றால் குழுவினர் படிக்க மட்டும் முடியும், 002 என்றால் எழுதவும் முடியும். எந்த லினக்ஸில் எது இயல்பு என்று மனப்பாடம் செய்வதைவிட, டெர்மினலில் ‘யூமாஸ்க்’ என்று தட்டிப் பார்த்துவிடுவது மேல். ஒவ்வொருவரின் யூமாஸ்க்கையும் மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில், அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் இயல்பு ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) வைத்துவிட்டேன். செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் இயல்புக்கான டி தெரிவைக் கொடுத்து, குழுவுக்குப் படிக்க, எழுத, நுழைய அனுமதி. இயல்பு ஏசிஎல் இருக்கும் கோப்புறையில் யூமாஸ்க்குக்கு வேலையே இல்லை. அதன் பிறகு எல்எஸ் பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியும். அந்தக் குறியைக் கண்டால், தெரியும் எழுத்துகளை மட்டும் நம்பாமல் கெட்எஃப்ஏசிஎல் போட்டுப் பார்க்க வேண்டும். சில நிரல்கள் கோப்பை உருவாக்கும்போதே குறைந்த அனுமதி கேட்டுப் பெறும். அப்போது ஏசிஎல்லில் எழுத அனுமதி இருப்பதாகக் காட்டினாலும், பக்கத்திலேயே ‘எஃபெக்டிவ்’ என்று போட்டு உண்மையில் கிடைப்பது எது என்றும் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவ்வப்போது ஒரு கோப்பு மட்டும் யாராலும் திருத்த முடியாமல் நிற்கும். விசாரித்தால், அதைத் தன் வீட்டுக் கோப்புறையில் வைத்துத் தயாரித்து, பிறகு பொதுக் கோப்புறைக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள். செட்ஜிஐடியும் இயல்பு ஏசிஎல்லும் அந்த இடத்தில் புதிதாகப் பிறக்கும் கோப்புக்குத்தான். நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய குழுவையும் பழைய அனுமதியையும் கூடவே எடுத்து வரும். பிரதி எடுத்து ஒட்டினால் புதிய கோப்பு பிறக்கிறது, அதனால் குழு சரியாக அமைகிறது. "கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க" என்பது இப்போது அங்கே எழுதப்படாத விதி.

அனுமதி பார்க்கும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளருக்கான எழுத்துகள் மட்டுமே பார்க்கப்படும், குழுவுக்கு என்ன இருக்கிறது என்று கெர்னல் கவலைப்படாது. ஒரு மாணவி தன் கோப்பின் உரிமையாளர் அனுமதியை ‘படிக்க மட்டும்’ என்று மாற்றிவிட்டாள். குழுவில் மற்ற எல்லோராலும் திருத்த முடிந்தது, அவளால் மட்டும் முடியவில்லை. குழு அனுமதியை எத்தனை முறை சரிபார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

கோப்பின் அனுமதி எல்லாம் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால், அதற்குப் போகும் பாதையைப் பாருங்கள். மேலே உள்ள கோப்புறைகளில் ஏதாவது ஒன்றில் நுழையும் அனுமதி இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது எட்டாது. ‘நேம்ஐ -எல்’ என்ற கட்டளையோடு முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் குழுவையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இவ்வளவு உதவும் கட்டளை இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் வீட்டுக் கோப்புறை 750 என்ற அனுமதியோடுதான், அதாவது மற்றவர்கள் நுழைய முடியாதபடி, உருவாகிறது. முன்பு 755ஆக இருந்தது. அதனால் பழைய பதிப்பில் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து மற்றவர் படித்துக்கொண்டிருந்த கோப்புகள், புதிய பதிப்பைப் போட்டதும் எட்டாமல் போகும். இது நல்ல மாற்றம்தான். பகிர வேண்டியதை வீட்டுக்கு வெளியே வைப்பதே முறை.

பென் டிரைவ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேட், எக்ஸ்ஃபேட் வடிவங்களில் லினக்ஸின் உரிமையாளர், குழு எதையும் எழுதி வைக்க இடமே இல்லை. மவுன்ட் செய்யும்போது கொடுக்கும் பயனர், குழு, யூமாஸ்க் மதிப்புகள்தான் எல்லாக் கோப்புகளுக்கும். டெஸ்க்டாப்பில் தானாகத் திறக்கும் டிரைவ், திறந்தவரின் பெயரில் மீடியா கோப்புறைக்குள் போகும், அதற்குள் வேறு பயனர் நுழைய முடியாது. விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பகுதி படிக்க மட்டும் திறந்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து முழுமையாக ஷட் டவுன் செய்து பார்ப்பது முதல் வேலை. ஸ்னாப், ஃப்ளாட்பாக் வடிவில் நிறுவிய நிரல்கள் தங்களுக்கென்று ஒரு வேலிக்குள் ஓடுகின்றன. அங்கே குழு சரியாக இருந்தும் கோப்பு தெரியாமல் போகலாம். அதை அந்த நிரலின் அனுமதி அமைப்பில்தான் மாற்ற வேண்டும்.

எந்தக் குழுவில் சேர்க்கக் கூடாது என்பதை நான் இவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் குழுவில் இருப்பவர் கணினியின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் ரூட்டாகத் திறந்துகொள்ள முடியும். அது கடவுச்சொல் கேட்காத சுடோவுக்குச் சமம். டாக்கரின் ஆவணங்களே இதை எச்சரிக்கையாகச் சொல்கின்றன. டிஸ்க் குழுவும் அப்படித்தான், வட்டை நேரடியாகப் படித்து எந்தக் கோப்பையும் எடுத்துவிடலாம். அடுத்தது இன்புட் குழு. விளையாட்டுக் கட்டுப்படுத்தி வேலை செய்யவில்லை என்றால் இதில் சேரச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. இதில் இருப்பவரின் எந்த நிரலும் விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடியும், அடுத்து உட்காருபவர் தட்டும் கடவுச்சொல் உட்பட. பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் கணினியில் இதை நான் அனுமதிப்பதில்லை. ஆடியோ, வீடியோ குழுக்களுக்கும் இப்போது பெரும்பாலும் தேவை இல்லை. கணினி முன் உட்கார்ந்திருப்பவர் யார் என்று லாகின்டி என்ற பின்னணி நிரல் கவனித்து, ஒலி, கேமரா போன்ற கருவிகளுக்கு அவருக்கு மட்டும் ஏசிஎல் வழியாக அனுமதி கொடுத்து, அவர் போனதும் எடுத்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஆர்டுயினோ போர்டுகளுக்கும் அதே வழியைக் கொண்டுவந்தேன். போர்டின் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் குறிப்பிட்டு, ‘யூஆக்செஸ்’ என்ற அடையாள ஒட்டைச் சேர்க்கும் ஒரு வரி யூடெவ் விதி. அந்த விதிக் கோப்பின் பெயர் 73ஐவிடச் சிறிய எண்ணில் தொடங்க வேண்டும். அந்த ஒட்டைப் பார்த்து அனுமதி கொடுக்கும் விதி 73இல் இருப்பதால், அதற்குப் பின்னால் வருவது பலிக்காது. 99 என்று பெயர் வைத்துவிட்டு ஏன் நடக்கவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. விதிகளை மறுபடி ஏற்றி, போர்டைக் கழற்றிச் செருகினால் போதும், லாக் அவுட் தேவையில்லை. இப்போது யாரையும் டயலவுட் குழுவில் சேர்ப்பதில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் போர்டு திறக்கும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கு மட்டும் இது உதவாது, அவருக்குப் பழையபடி குழுதான்.

படிப்பு முடிந்து பிள்ளைகள் வெளியேறும்போதும் ஒரு வேலை இருக்கிறது. குழுவிலிருந்து டெல்யூசர் கட்டளையால் நீக்கினாலும், அவர் அமர்வு ஓடிக்கொண்டிருக்கும் வரை பழைய அனுமதி அதன் கையிலேயே இருக்கும். லாகின்சிடிஎல் மூலம் அந்தப் பயனரின் அமர்வுகள் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். கணக்கையே நீக்குவதாக இருந்தால், பொதுக் கோப்புறையில் அவர் பெயரில் உள்ளவற்றை முதலில் வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். வட்டில் பதிந்திருப்பது பெயர் அல்ல, எண். கடைசியாக உருவாக்கிய கணக்கை நீக்கிவிட்டு உடனே புதிய கணக்கு தொடங்கினால், அதே எண் புதியவருக்குக் கிடைத்து, முன்னவரின் கோப்புகள் எல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிடலாம். ஃபைண்ட் கட்டளையில் ‘நோயூசர்’, ‘நோகுரூப்’ என்ற தெரிவுகளைக் கொடுத்தால் உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் கோப்புகள் பட்டியலாக வரும். ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும், புதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு திறப்பதற்கு முன்னால், அந்தப் பட்டியல் காலியாகும் வரை பார்த்துவிடுகிறேன்.